மெதுவாகக் குறைவது குற்றமல்ல

ஆபரேஷன் முடிந்த ஆறாவது மாதம், மருத்துவமனை நடத்திய சந்திப்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். உடல் எடைக்காக வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது அங்கே வழக்கம். அன்றைக்கு இருபது பேர் இருந்திருப்போம். ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவராக எழச்சொல்லி, எத்தனை மாதம், எத்தனை கிலோ என்று கேட்டார். "ஆறு மாசம், முப்பத்தெட்டு கிலோ." கைதட்டல். "நாலு மாசம், இருபத்தாறு." கைதட்டல். என் முறை வந்தது. "ஆறு மாசம், இருபத்தொண்ணு." அறை கொஞ்சம் அமைதியானது. "பரவால்ல சார், இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர். அதற்கும் கைதட்டினார்கள். சாக்கு ஓட்டத்தில் கடைசியாக வந்த பையனுக்கு ஆறுதல் பரிசாக சோப்பு டப்பா கொடுக்கும்போது தட்டுவார்களே, அந்தத் தட்டல்.

வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரில் இருக்கும் எரிவாயு 14.2 கிலோ. நான் குறைத்திருந்தது அதில் ஏறக்குறைய ஒன்றரை சிலிண்டர். ஆனால் அன்றைக்கு வெளியே வரும்போது எனக்குள் இருந்த ஒரே நினைப்பு, இனிமேல் இங்கே வரக்கூடாது என்பதுதான். வரவும் இல்லை. அதனால் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சண்டை.

என் சண்டை அந்த ஒருங்கிணைப்பாளரோடு அல்ல. பாவம், அவர் நல்ல மனிதர். ஆபரேஷன் பண்ணிக்கொண்டவன் வேகமாகக் குறைந்தால் ஒழுக்கமானவன், மெதுவாகக் குறைந்தால் வாயைக் கட்டத் தெரியாதவன் என்ற தீர்ப்போடுதான் என் சண்டை. இந்தத் தீர்ப்பை உறவினர்கள் சொல்கிறார்கள், விளம்பரப் பலகைகள் சொல்கின்றன, சில டாக்டர்களும் சொல்கிறார்கள். எல்லோரையும்விட உறுதியாக நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

முதலில் "குறுக்குவழி" என்ற குற்றச்சாட்டு. "மெனக்கெட்டு நடக்கிறத விட்டுட்டு வயித்த அறுத்துக்கிட்டான்" என்று பெரியத்தை ஒரு கல்யாணப் பந்தியில் என் காதுபடவே சொன்னார். எனக்குச் செய்தது ஸ்லீவ் காஸ்ட்ரெக்டமி. இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் அளவு குழாயாக ஸ்டேப்பிள் போட்டு மூடுவார்கள். முன்னும் பின்னும் வாரக்கணக்கில் வெறும் திரவ உணவு. பிறகு தினமும் அறுபது கிராமுக்குக் குறையாமல் புரதம். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. ஆயுசு முழுக்க வைட்டமின் மாத்திரை. நாலாவது மாதம் குளியலறைத் தண்ணீர் போகும் துளையை என் தலைமுடி அடைத்துக்கொண்டது. இது குறுக்குவழி என்றால், அத்தை, நேர்வழி எது என்று எனக்கும் தெரியவேண்டும்.

இனி கணக்கு. நான் இன்ஜினியர், எனக்குக் கணக்கில்தான் கோபம் வரும்.

என் உயரம் 171 சென்டிமீட்டர். ஆபரேஷன் அன்று எடை 134 கிலோ. ஒரு வருடத்தில் 106. குறைந்தது 28 கிலோ. இது வெற்றியா, தோல்வியா? இந்தத் துறையில் நீண்டகாலமாகப் புழங்கும் ஓர் அளவுகோல், "அதிகப்படியான எடை"யில் எத்தனை சதவீதம் போனது என்று பார்க்கிறது. பிஎம்ஐ 25 வரும் எடையை இயல்பு என்று வைத்தால் எனக்கு அது 73 கிலோ. ஆக அதிகப்படி 61. அதில் 28 போனால் 46 சதவீதம். ஐம்பதுக்குக் கீழே என்றால் தோல்வி என்று எழுதுவார்கள். நான் ஃபெயில்.

இப்போது இன்னொரு அளவுகோல். தொடக்க எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது? 134இல் 28 என்றால் ஏறக்குறைய 21 சதவீதம். இதில் பல ஆய்வுகள் போடும் கோடு 20. நான் பாஸ்.

அதே உடம்பு, அதே 28 கிலோ. வகுக்கும் எண்ணை மாற்றினால் தோற்றவன் ஜெயித்துவிடுகிறான். இன்னொன்றும் பாருங்கள். என் உயரத்திலேயே ஒருவர் 110 கிலோவில் ஆரம்பித்து அதே 28 கிலோ குறைத்திருந்தால், முதல் அளவுகோலில் அவருக்கு 76 சதவீதம், டிஸ்டிங்ஷன். அதாவது யாருக்கு ஆபரேஷன் அதிகம் தேவையோ, அவரைத்தான் இந்தக் கணக்கு முதலில் தோற்கடிக்கிறது. ஆபீசில் இப்படி ஒரு டாஷ்போர்டை நான் போட்டுக் காட்டினால், அடுத்த மீட்டிங்குக்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

பிஎம்ஐ என்கிற எண்ணுக்கே ஒரு கதை உண்டு. சூத்திரம் 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியக் கணிதரான கெட்லேயுடையது. அதற்கு இன்றைய பெயரை வைத்தது 1972இல் ஆன்செல் கீஸ் குழுவினர் எழுதிய கட்டுரை. கூட்டம் கூட்டமாக மக்களை ஆராய்வதற்கு ஏற்ற எளிய அளவு என்றுதான் அதை முன்வைத்தார்கள். தனி ஒருவனின் நெற்றியில் ஒட்டும் ஸ்டிக்கராக அது பிறகுதான் ஆனது.

இதே ஆன்செல் கீஸ்தான் 1944-45இல் மினசோட்டாவில் இன்னொரு சோதனையும் நடத்தினார். உடல்நலமுள்ள 36 இளைஞர்கள், தாங்களாக முன்வந்து, ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தார்கள். எடையில் கால்வாசி போனது. கூடவே உடம்பு செலவைச் சுருக்கிக்கொண்டது. இதயத் துடிப்பு இறங்கியது, எப்போதும் குளிரெடுத்தது, பகல் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். ஒழுக்கமற்றவர்கள் இல்லை அவர்கள். போருக்குப் போக மனசாட்சி ஒப்பாமல், அதற்குப் பதிலாக இந்தப் பட்டினியை ஏற்றவர்கள்.

உடம்பு தன் எடையைக் காவல் காக்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும், மூளை அதைப் பஞ்சம் என்று படிக்கும். 2016இல் கெவின் ஹால் குழுவினர் ஓர் அமெரிக்க எடைகுறைப்புத் தொலைக்காட்சிப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தார்கள். அந்த உடம்புகள் சும்மா இருக்கும்போது எரிக்கவேண்டிய கலோரியைவிட நாளுக்குச் சுமார் 500 குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தன. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பி வந்த பிறகும் அப்படி. ஸ்லீவ் ஆபரேஷன் இந்தக் காவலைக் கொஞ்சம் தளர்த்துகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதியே வெட்டுப்படுவதால் பசி அடங்குகிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு தளரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வயது, சர்க்கரை, தூக்கம், போட்டுக்கொள்ளும் மாத்திரை, பரம்பரை எல்லாம் அதில் உண்டு. பக்கத்து நாற்காலிக்காரர் 38, நான் 21 என்பதில் எங்கள் இருவரின் நல்லொழுக்கத்துக்கு உள்ள பங்கு, நாம் நினைப்பதைவிடச் சின்னது.

சரி, எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். நண்பன் நேராகவே கேட்டான்: "டேய், ஹார்மோன் கதையெல்லாம் சரி. நீ ஒழுங்கா சாப்பிட்டியா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

நியாயமான கேள்வி. ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ராத்திரி பத்தரைக்கு அமெரிக்காக்காரனோடு கால் முடிந்ததும் ஒரு கப் ஐஸ்கிரீம், வாரத்தில் நாலு நாள். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஊரிலிருந்து யார் வந்தாலும் அல்வா வரும். சின்னதான வயிற்றில் ஒரு சப்பாத்தி கல்லாகக் கிடக்கும். ஐஸ்கிரீமும் அல்வாவும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இதை நான் மறைத்தேன். டயட்டீஷியன் கேட்டபோது "கரெக்டா ஃபாலோ பண்றேன் மேடம்" என்றேன். ஏன் மறைத்தேன்? ஏற்கெனவே ஃபெயிலானவன், காப்பி அடித்ததையும் ஒப்புக்கொள்வானா?

வருடம் கழித்து ஒருவழியாக உண்மையைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. "மெதுவான இனிப்பு எல்லாருக்கும் இறங்கும் சார், உங்களுக்கு மட்டும் இல்ல. ராத்திரி ஒன்பதுக்கு ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிட்டுட்டு காலுக்குப் போங்க" என்றார். ஐந்து நிமிடப் பேச்சு. ஆறு மாதம் தள்ளிப்போனது வெட்கத்தால். ஆக, தப்பு முழுக்க என் வாயுடையது என்றே வைத்துக்கொண்டாலும், அவமானப்படுத்துவது அதற்கு மருந்தில்லை. அது வாயை அடைக்கவில்லை, வாய் சொல்லவேண்டிய உண்மையைத்தான் அடைத்தது.

உடனே திருக்குறளைக் கொண்டுவருவார்கள். மருந்து அதிகாரம். அளவறிந்து, பசித்தபின் உண்ணச் சொல்கிறார் வள்ளுவர், மறுக்கவில்லை. ஆனால் பசி சரியாக அடிக்கும் உடம்புக்குத்தான் அந்த அறிவுரை பொருந்தும். மணியே கோளாறாக அடிக்கும் வீட்டில் நேரம் தவறுகிறவனை மட்டும் அடித்து என்ன பயன்?

இப்போது, கூட்டத்துக்குப் போவதை நிறுத்தியதால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

கூட்டத்தை விட்டேன். பிறகு டாக்டரைப் பார்ப்பதை விட்டேன். அங்கேயும் முதலில் எடை மெஷினில்தானே ஏறவேண்டும்? அதற்கு முன்பே எடை பார்க்கும் நாளுக்கு முந்தின சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியிருந்தேன். எங்கள் வேலையில், மூடிய டிக்கெட்டின் எண்ணிக்கையை வைத்து மதிப்பிட்டால் சரிசெய்யாமலேயே டிக்கெட்டை மூடுவார்கள். அதே கதை. அப்புறம் வைட்டமின் மாத்திரைகளையும் விட்டேன். தோற்றுப்போன ஆபரேஷனுக்கு எதற்கு மாத்திரை என்று ஒரு வீம்பு. உணவிலிருந்து பி12ஐ உடம்பு எடுத்துக்கொள்ள இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும், எனக்கோ இரைப்பையே கால்வாசிதான். போதாததற்கு சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும். பதினாலாவது மாதம் பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல ஆரம்பித்தது. ஒருநாள் செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி நடந்துவிட்டேன். வாசலில் நின்ற அம்மா, "என்னப்பா, செருப்ப அங்கேயே விட்டுட்டு வர்ற?" என்று கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் பயம் வந்தது. ஊசி போட்டு, மாதங்கள் கழித்து, பெரும்பாலும் சரியாகிவிட்டது. இடது கால் சுண்டுவிரல் இன்னும் மரத்தாற்போல்தான் இருக்கிறது.

என் எடை மெதுவாகக் குறைந்ததால் எனக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. மெதுவாகக் குறைவதற்கு வெட்கப்பட்டதால் வந்தது.

ஆபரேஷன் எனக்கு என்ன செய்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், அதை யாரும் கேட்கவில்லை என்பதால். மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.9ஆக இருந்தது, 6.3க்கு வந்தது. தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று முகமூடி மெஷின் மாட்டிக்கொண்டு படுத்திருந்தேன், டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு அதை எடுத்துவிடச் சொன்னார். ரத்த அழுத்த மாத்திரை இரண்டு, ஒன்றாயிற்று. இவற்றில் பல, எடை பெரிதாக இறங்குவதற்கு முன்பே நடந்தவை. ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டாயிரம் பேரையும் செய்துகொள்ளாத இரண்டாயிரம் பேரையும் வருடக்கணக்காகத் தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன. ஆனால் அவர்களுக்குள்ளேயே யார் அதிக எடை இழந்தார், யார் குறைவாக இழந்தார் என்பதற்கும் இந்த நன்மைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை என்று 2012இல் எழுதினார்கள். எடை முக்கியமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. முழங்காலுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குத்தான். எடை மட்டுமே முக்கியம் என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

எனவே, மருத்துவமனைகளுக்கு: முன்-பின் போட்டோ ஒட்டுங்கள், வேண்டாம் என்று சொன்னாலும் ஒட்டத்தான் போகிறீர்கள். கூடவே மெதுவாகக் குறைந்தவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் ஒட்டுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே, எல்லோருக்கும் ஒரே வேகத்தில் குறையாது என்பதைத் தமிழில், புரிகிற மாதிரி சொல்லுங்கள். உறவினர்களுக்கு: "எவ்வளவு குறைஞ்ச?" என்பதற்கு முன்னால் "எப்படி இருக்க?" என்று ஒருதரம் கேளுங்கள். என்னைப் போல மெதுவாகக் குறைகிறவர்களுக்கு: மாத்திரையை விடாதீர்கள், டாக்டரை விடாதீர்கள், ஐஸ்கிரீமைப் பற்றிப் பொய் சொல்லாதீர்கள்.

இப்போது 104 கிலோ, இரண்டு வருடம் தாண்டிவிட்டது. போன மாதம் அந்தக் கூட்டத்துக்கு மறுபடி போனேன். ஐம்பது வயதிருக்கும் அம்மா ஒருவர் எழுந்து, தரையைப் பார்த்தபடி, "அஞ்சு மாசம், பதினாலு கிலோ" என்றார். அதே அமைதி. நான் பின்வரிசையிலிருந்து கேட்டேன், "அம்மா, சுகர் எப்படி இருக்கு?" அவர் நிமிர்ந்தார். "இன்சுலின் ஊசிய நிப்பாட்டிட்டாங்க தம்பி. பதினோரு வருசமா போட்டது."

யாரும் தட்டவில்லை. இதற்குத் தட்டவேண்டும் என்று எங்கள் யாருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. நான்தான் முதலில் தட்டினேன்.