கடலில் கிடந்த படகை ஏன் கழுவ வேண்டும்?

"தண்ணியிலேயே கெடக்குற சாமானை வீட்டுக்குக் கொண்டாந்து, மறுபடியும் தண்ணி ஊத்திக் கழுவுறீங்களே அண்ணே!"

போர்ட்டிக்சன் போய்த் திரும்பும் ஞாயிறுகளில் பக்கத்து வீட்டுத் தம்பி தவறாமல் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். சென்ற வாரம் குடும்பத்தோடு கயாக் ஓட்டுவது பற்றி எழுதியதும், விலை என்ன, எங்கே வாங்கலாம் என்று பலர் கேட்டார்கள். வாங்கிய பிறகு என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

கடலில் இருக்கும்வரை படகுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. கரைக்கு வந்து ஈரம் காய்ந்த பிறகும் உப்பு தன் வேலையைத் தொடரும். காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். திருகாணி, இருக்கையின் கொக்கி, ஜிப் எல்லாவற்றையும் மெல்ல அரிக்கும். 'ஸ்டெயின்லெஸ்' என்று எழுதியிருக்கும் ஆணிகூட உப்பு தங்கும் இடுக்கில் துருப்பிடிக்கும். ஆனாலும் நான் கழுவுவதற்கு முக்கியக் காரணம் துரு இல்லை. கழுவும்போதுதான் கை படகின் எல்லா இடத்திலும் படுகிறது. கண்ணுக்குத் தப்பும் கோளாறு கைக்குத் தப்புவதில்லை.

நண்பர் ஒருவர் பழைய இருவர் கயாக் ஒன்றை வாங்கினார். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. பத்து வயது மகளை முன்னால் உட்கார வைத்துப் புறப்பட்டார். அரை மணி நேரத்தில் படகு பாரமாகிவிட்டது. மகள் லேசாகச் சாய்ந்தாலும் படகு அந்தப் பக்கமே கவிழப் பார்த்தது. நல்ல வேளை, கரையோரமாகவே ஓட்டியிருந்தார். கரையேறி அடைப்பானைத் திறந்தால் உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இந்த வகைப் படகின் உள்ளே வெறும் காற்றுதான். அங்கே தண்ணீர் புகுந்துவிட்டால், படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அதுவும் ஓடும். காரணம், இருக்கைக்குக் கீழே தண்ணீர் வடியும் துளையின் ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு விரிசல். சேறு அப்பியிருந்ததால் முன்பிருந்தவர் கண்ணிலும் படவில்லை, இவர் கண்ணிலும் படவில்லை.

இழுத்துச் செல்லும் சக்கரத் தாங்கியின் கம்பிகளை அந்தத் துளைகளில்தான் செருகுகிறோம். கற்கள் நிறைந்த கரையில் இழுக்கும்போது மொத்தப் பாரமும் அங்கேதான் விழுகிறது. ஆகவே கழுவும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. ஒவ்வொரு துளைக்குள்ளும் விரலை விட்டுச் சுற்றிலும் தடவுங்கள். சந்தேகம் வந்தால் படகை இரண்டு முக்காலிகளின் மேல் வைத்து, அடைப்பான் வழியாக அரை வாளி தண்ணீரை உள்ளே ஊற்றி, இப்படியும் அப்படியும் சாயுங்கள். வெளியே எங்கே சொட்டுகிறதோ அங்கேதான் கோளாறு. சூப்பர் குளூ, எபோக்சி எதுவும் பாலித்தீனில் நிலையாக ஒட்டாது. அதே வகைப் பாலித்தீன் குச்சியை உருக்கித்தான் பற்றவைக்க வேண்டும். டேப் ஒட்டுவது கரை திரும்ப உதவும். அடுத்த வாரம் பிள்ளையை ஏற்றிச் செல்ல உதவாது.

கழுவுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சிலாங்கூர்க்காரர்கள் தண்ணீர் வெட்டை நினைத்து முகம் சுளிக்க வேண்டாம், இரண்டு மூன்று வாளி போதும். இருக்கையைக் கழற்றித் தனியே அலசுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி, மென்மையான பஞ்சு, அவ்வளவுதான். கம்பி நாரும் தின்னரும் படகு பக்கமே வரக்கூடாது. மலாக்கா நீரிணைக் கரைகளில் சில நாள் தார் உருண்டை ஒட்டிக்கொள்ளும். சமையல் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் கரைந்து வரும், பிறகு சோப்பு போடலாம். இரண்டாகப் பிரியும் துடுப்பைப் பிரித்தே கழுவுங்கள். பிரிக்காமல் வைத்தால் மணலும் உப்பும் சேர்ந்து இறுகி, பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தாலும் வராது.

நம் வீட்டுக் கூரையில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் போலத்தான் பெரும்பாலான கயாக்குகளும், சுழலும் அச்சில் பாலித்தீனை உருக்கி வார்த்தவை. முரட்டுப் பொருள்தான், ஆனால் வெயில் அதற்கு எதிரி. முதலில் நிறம் மங்கும். பிறகு தடவினால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டும். கடைசியில் முறுகி உடையும். நம் ஊரில் பன்னிரண்டு மாதமும் வெயில் என்பதால் கார் போர்ச்சின் நிழலிலேயே வையுங்கள். பக்கவாட்டில் சாய்த்தோ கவிழ்த்தோ, இரு முனைகளிலிருந்தும் கால்வாசி தூரத்தில் இரண்டு தாங்கிகள் கொடுத்து வைப்பது நல்லது. கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் நடு வளைந்துவிடும். கார் கூரையில் கட்டும்போதும் பட்டையை மிஞ்சி இறுக்க வேண்டாம். சூட்டில் இளகிய பிளாஸ்டிக் குழிந்துவிடும். சின்னக் குழியாக இருந்தால் கட்டவிழ்த்துச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் தானே நிமிரும். வெயிலை நான் நல்லது சொல்வது அந்த ஒரு காரியத்துக்கு மட்டும்தான்.

கவிழ்த்து வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, ஏடிஸ் கொசு. நிமிர்ந்து கிடக்கும் கயாக்கில் கால் வைக்கும் பள்ளம், கோப்பை வைக்கும் குழி, மேலே போர்த்திய கென்வாஸின் மடிப்பு என்று மழைநீர் தேங்க எத்தனை இடம்! முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். நாம் கடலுக்குப் போவது மாதம் ஒருமுறை. தாமான் முழுவதும் டிங்கி பரவினால் சுகாதார அதிகாரி வந்து முதலில் எட்டிப் பார்ப்பது அந்தப் பள்ளத்தைத்தான்.

பாதுகாப்பு அங்கியை மட்டும் வாஷிங் மெஷினில் போடாதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டாலே போதும். காய்ந்ததும் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பலமாக இழுத்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சை அமுக்கிப் பாருங்கள். அமுக்கிய இடம் மறுபடி எழும்பாவிட்டால் அதைப் பிள்ளைக்கு மாட்டாதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் அடைப்பானைத் திறந்தே வையுங்கள். உள்ளே ஈரம் காயட்டும். ஆனால் அதை ஒரு துண்டுக் கயிற்றில் படகோடு கட்டிவிடுங்கள். தெலுக் கெமாங் வரை வந்து, அடைப்பான் வீட்டு ஜன்னலோரத்தில் இருக்கிறது என்று வறுத்த வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.