"பதறாதே" என்பது பயன் தராத அறிவுரை

மாணவர்களே, போட்டிக்கு முன் "பதறாதே" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து பள்ளிக்கு வரும் என் மாணவர்களும் ஒருவருக்கொருவர் அதையேதான் சொல்லிக்கொள்கிறார்கள். அதனால் பயனில்லை என்பது என் கருத்து. பதற்றம் எல்லா விளையாட்டுக்கும் எதிரியல்ல.

1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பிரித்தறியச் சுண்டெலிகளைப் பழக்கினார்கள். தவறினால் மின்னதிர்ச்சி. (பாவம், எலிகள்!) எளிய பாடத்தில் அதிர்ச்சி கூடக் கூட எலிகள் விரைவாகக் கற்றன. கடினமான பாடத்தில் அளவு மிஞ்சியதும் கற்றல் மந்தமானது. விளையாட்டு உளவியல் இதை மனிதருக்கும் பொருத்திப் பார்க்கிறது: கயிறு இழுக்கப் படபடப்பு உதவலாம், பூப்பந்து சர்வீசில் அதுவே கையை இறுக்கிவிடும்.

சரி, படபடப்பு மிஞ்சிவிட்டால்?

நம் பினாங்கில் பிறந்த நிக்கோல் டேவிட்டைப் பாருங்கள். 2014 டிசம்பர், கெய்ரோவில் உலக ஸ்குவாஷ் இறுதியாட்டம். எதிரே எகிப்தின் ரனீம் எல் வெலிலி. அரங்கமோ ரனீமின் சொந்த நாட்டில். நான்காவது செட்டில் நிக்கோல் 6-10 எனப் பின்தங்கினார். இன்னும் ஒரு புள்ளி போனால் பட்டம் போய்விடும். அந்த செட்டை 14-12 என வென்றார், அடுத்ததை 11-5. அது அவரது எட்டாவது உலகப் பட்டம்.

அவர் மனத்தில் என்ன ஓடியதோ, அவருக்குத்தான் தெரியும். ஆனால் நம் கவனத்துக்கு எல்லை உண்டு என்கிறது உளவியல். புள்ளிப் பலகை அதைத் தின்றுவிட்டால் பந்துக்கு மிஞ்சுவது கொஞ்சமே. அதனால் நண்பனிடம் "பதறாதே" என்பதைவிட, "பந்தைப் பார்" என்று சொல்லிப் பாருங்கள்.