மனிதவள அமைச்சருக்கு ஒரு தெம்பனிஸ்வாசியின் மடல்

மாண்புமிகு மனிதவள அமைச்சர் டாக்டர் டான் சீ லெங் அவர்களுக்கு,

மின்னணுச் சில்லு ஆலையொன்றில் இரவென்றும் பகலென்றும் பாராமல் முறைவேலை பார்த்து முப்பது வருஷங்களைக் கழித்து, ஐம்பத்தெட்டாம் வயதில், உற்பத்தி வேறு தேசத்துக்கு மாறுகிறது என்ற ஒற்றை வரிக் காரணத்தோடு ஆட்குறைப்புக் கடிதம் பெற்று, தெம்பனிஸ் நாலறை வீட்டின் சாப்பாட்டு மேசையில் மத்திய சேம நிதி (மசேநி) அறிக்கையையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் பரப்பிவைத்துக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும் ஒருவனின் விண்ணப்பம் இது. என் முதலாளியின் பெயர் இங்கே அவசியமில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது அபாண்டம். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், தகுதியுடையவர்க்கு முதல் மாதம் 1,500 வெள்ளி, பிறகு 1,250, அதன்பின் 1,000, கடைசி மூன்று மாதங்களிலும் 750 என்று, ஆறு மாதங்களில் 6,000 வெள்ளிவரை தருகிறது. வேலையிழந்தவன் கையில் ரொக்கம் கொடுப்பதை வெகுகாலம் சந்தேகத்தோடே பார்த்துவந்த இந்நாட்டில் இது சாமானிய காரியமன்று. ஆனால் எனக்கு மசேநி லைஃப் மாதப்பணம் தொடங்குவது அறுபத்தைந்தில். ஆறு மாதம் போக, மிச்சம் ஆறரை வருஷம். ஓய்வுக்காலக் கணக்கிலுள்ள பணம் என்னுடையதுதான். கண்ணால் பார்க்கலாம், இப்போது கைவைக்க முடியாது. சம்பளம் நின்றதால் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் கணக்குக்கு வரவும் நின்றது. வயதோடு ஏறும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதிச் சந்தாவோ அதிலிருந்து தவறாமல் கழிகிறது.

ஆகவே அந்த ஆறரை வருஷத்துக்கு ஜீவனாதாரம் ஆட்குறைப்பு அனுகூலம் ஒன்றே. அதன் நிலைமையைத் தாங்கள் நன்கறிவீர்கள். இரண்டு வருஷம் பணியாற்றியவர் அதைக் கோரலாம். எவ்வளவு என்பது ஒப்பந்தத்தையும் பேரத்தையும் முதலாளியின் மனத்தையும் பொறுத்தது. சேவை வருஷம் ஒன்றுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் என்பது, ஆட்குறைப்பு பற்றிய முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு சொல்லும் நடைமுறை வழக்கம். மாதம் 4,000 வெள்ளி வாங்கிய முப்பது வருஷ ஊழியனுக்கு அந்த வழக்கத்தின் கீழ்விளிம்பு ஏறத்தாழ 60,000, மேல்விளிம்பு 1,20,000. வழக்கத்தையே மதிக்காத முதலாளியிடம் தொழிற்சங்கமில்லாத ஊழியன் என்ன பேசுவான்? பத்துப் பேருக்குக் குறையாமல் வைத்திருக்கும் நிறுவனம் ஆட்குறைப்பைத் தங்கள் அமைச்சுக்கு ஐந்து வேலை நாள்களுக்குள் அறிவித்தாக வேண்டும் என்று கட்டளையிடும் சட்டம், ஆட்குறைக்கப்பட்டவனுக்கு இவ்வளவேனும் கொடுத்தாக வேண்டும் என்று மட்டும் கட்டளையிடாமல் இருப்பதன் நியாயம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

2026 ஜூலை முதல் ஓய்வு வயது 64, மறுவேலை நியமன வயது 69 என்று உயர்வது நல்லதே. ஆனால் அந்த நன்மை உத்தியோகத்தில் இருப்பவனுக்கு. எனக்கோ, தெம்பனிஸ் நடுவத்தில் கண்ட வேலை ஆலோசகர் மிகுந்த மரியாதையோடு காவலாளி வேலையைச் சிபாரிசு செய்தார். சிராங்கூன் சாலைக் காப்பிக்கடை நண்பர்களோ, கிடைத்ததைக் கொண்டு ஊரில் மனை வாங்கு, மகள் கல்யாணத்தை முடி என்கிறார்கள். மொத்தமாகப் பணம் வரப்போகிறவனுக்கு யோசனை சொல்வோருக்குப் பஞ்சமே இல்லை.

ஆட்குறைப்பு அனுகூலத்தைச் சட்டமாக்கினால், நஷ்டத்தில் மூடும் சிறு கடைக்காரரும் கொடுத்தே தீரவேண்டுமா என்ற ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம்தான். அவருக்கு விலக்களியுங்கள். லாபத்தோடு இடம் பெயரும் பெரிய ஆலைக்கு அந்த விலக்கு எதற்கு? முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு அடுத்த முறை திருத்தப்படும்போது, ஐம்பத்தைந்தைக் கடந்து, ஒரே இடத்தில் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தவர்க்கு, வருஷத்துக்கு இரண்டு வாரச் சம்பளம் என்ற கீழ்விளிம்பையாவது குறிப்பிலிருந்து எடுத்துச் சட்டத்தில் ஏற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கு முடிந்துவிட்டது. அந்தச் சட்டம் எனக்குப் பயன்படாது. என்னோடு முறைவேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இங்ஙனம்,
தெம்பனிஸ்வாசி ஒருவன்