பூஜை இல்லாத கோயிலில் எப்படி நடந்துக்கணும்? சித்தன்னவாசல் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தாய்லாந்து டூர் கிளம்புகிற நம்ம ஊர்க்காரர்கள், அங்குள்ள பழக்கவழக்கங்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்கிறார்கள். யார் தலையையும் தொடக்கூடாது, புத்தர் சிலையை நோக்கிக் கால் நீட்டக்கூடாது, சன்னதிக்குள் செருப்பு கூடாது. அயுத்தயாவில் மரவேர்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் புத்தர் தலையுடன் படம் எடுக்க வேண்டுமா? உட்கார்ந்துதான் எடுக்கணும். நம் தலை அதைவிட உயரத்தில் இருக்கக்கூடாது. அயுத்தயா 1767-ல் பர்மியப் படையால் அழிக்கப்பட்ட நகரம். ஆனாலும் 'இடிஞ்ச கோயில்தானே' என்று அங்கே யாரும் விட்டுவிடவில்லை.

சரி, நம்ம புதுக்கோட்டை பக்கத்தில் இருக்கும் சித்தன்னவாசலில் என்ன நடக்கிறது? அங்கே தினசரி பூஜை இல்லை, அர்ச்சகர் இல்லை. 'இது கோயில்' என்று நினைவுபடுத்த ஆளும் இல்லை. பிரச்னை தொடங்குவதே அங்கேதான்.

கல்படுக்கையில் படுத்து செல்ஃபி எடுக்கலாமா?

மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிற இயற்கைக் குகைதான் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய ஏழு படிகளால் வந்த பெயர். உள்ளே வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட 17 கல்படுக்கைகள், தலையணை மாதிரி மேடுகளுடன் இருக்கின்றன. இவை சமணத் துறவிகள் தங்கித் தவம் செய்த இடங்கள். உண்ணாமல் இருந்து உயிர்விடும் சல்லேகனை நோன்பையும் துறவிகள் இங்கே மேற்கொண்டதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதாவது, ஒருவர் கடைசி மூச்சை விட்ட இடமாக அது இருக்கலாம். அதில் படுத்து போஸ் கொடுப்பது சரியா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இங்குள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு ஒன்று இன்னொரு விஷயமும் சொல்கிறது. எருமி நாட்டில் பிறந்த ஒருவருக்காக சிறுபோசில் இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்திருக்கிறார்கள். எருமி நாடு என்பது மைசூர்ப் பகுதி என்று சொல்லப்படுகிறது. அப்படிப் பார்த்தால், சுமார் 2,000 வருஷங்களுக்கு முன் வெளியூரிலிருந்து வந்த துறவிக்கு இந்தப் பக்கத்து மக்கள் செய்த மரியாதை இது!

உள்ளே இருப்பது புத்தரா?

இல்லை. மலையின் மேற்குப் பக்கம் உள்ள அறிவர் கோயில் ஒரு சமணக் குடைவரை. முன்மண்டபச் சுவரில் பாம்புப் படத்தின் கீழ் அமர்ந்திருப்பவர், 23-வது தீர்த்தங்கரரான பார்சுவநாதர். கருவறையில் மூன்று உருவங்கள் இருக்கின்றன. முக்குடையின் கீழ் இருப்பவர்கள் தீர்த்தங்கரர்கள். ஒற்றைக் குடையுடன் இருப்பவர் ஆச்சாரியர்.

தீர்த்தங்கரர் சிலைகளில் ஆடை இல்லாததைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். திகம்பரம் என்றால் 'திசையே ஆடை' என்று பொருள். எதையும் தனக்கென வைத்துக்கொள்ளாத துறவின் உச்சம் அது. கேலி செய்ய அதில் ஒன்றுமில்லை.

ஓவியத்தைத் தொட்டால் என்ன ஆகும்?

சுண்ணாம்புப் பூச்சின் மேல் தாது வண்ணங்களால் தீட்டியவை இந்த ஓவியங்கள். கூரையில் தாமரைக்குளம், அதில் மீன், யானை, எருமை, பறவைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். இது வெறும் இயற்கைக் காட்சி இல்லை. தீர்த்தங்கரரின் உபதேசத்தைக் கேட்கக் கூடும் சமவசரண மண்டபத்துக்குப் போகிற வழியில் உள்ள குளம் என்பது சமண நம்பிக்கை.

பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு உள்ளது. அதற்குப் பின் வந்த தலைமுறைகள் தொட்டும் சுரண்டியும் ஓவியத்தின் பெரும்பகுதி போய்விட்டது. கையில் உள்ள எண்ணெயும் வியர்வையும் வண்ணத்தைக் கெடுக்கும். உதிர்ந்த பூச்சைத் திரும்ப ஒட்ட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். 1958-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இதைச் சேதப்படுத்தினால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்றுதான் முதலில் இருந்தது. 2010 திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்! பாறையில் பெயர் கிறுக்குவதும் இதில் அடக்கம்.

மனசுல வெச்சுக்க வேண்டியவை

* குடைவரைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்க.
* சுவர், தூண், கூரை எதையும் தொடாதீங்க. ஃபிளாஷ் வேண்டாம்.
* கல்படுக்கையில் உட்காரவோ படுக்கவோ வேண்டாம்.
* சமணத்தின் அடிப்படையே கொல்லாமைதான். அசைவ பார்சல், மதுபாட்டில் இரண்டையும் மலைக்குக் கொண்டு போகாதீங்க.
* கருவறையில் எதிரொலி கேட்கும். கத்திப் பார்க்க வேண்டாம். அமைதியாக நின்றாலே போதும்.

கடைசியாக ஒன்று. சமணம் தமிழ்நாட்டில் முடிந்துபோன கதை இல்லை. செஞ்சி அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் இயங்குகிறது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. நமக்குப் பிக்னிக் ஸ்பாட்டாகத் தெரிகிற சித்தன்னவாசல், அவர்களுக்கு முன்னோர் தவம் செய்த மலை.