இலுப்பையை மறந்த கமம்

வரண்ட பிரதேசத்தின் ஊர்ப்பெயர்களைச் சற்று நோக்குவோர்க்கு, முன்னைய கமக்காரர் எம்மரத்தை மதித்து வாழ்ந்தனர் என்பது புலனாகும். மன்னார்ப் பகுதியில் இலுப்பைக்கடவை, வவுனியாவில் இலுப்பைக்குளம், மட்டக்களப்பில் இலுப்படிச்சேனை என இப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஆயின் முதிர்ந்த இலுப்பை பலகைக்காகவும் விறகுக்காகவும் தறிக்கப்பட்ட இடத்தில் ஒரு கன்றேனும் நடுவாரைக் காண்டல் அரிதாகிவிட்டது. தென்னைக்கும் மாவுக்கும் காணியில் இடம் ஒதுக்கும் கமக்காரர், இலுப்பை தானாக முளைக்கும் காட்டுமரந்தானே என எண்ணி வாளாவிருக்கின்றனர். இவ்வெண்ணம் திருத்தப்படல் வேண்டும்.

இலுப்பைப் பருப்பில் மூன்றிலொரு பங்கு தொடக்கம் அரைப்பங்கு வரை எண்ணெய் உண்டு. செக்கில் ஆட்டிய இவ்வெண்ணெய் கோயில் விளக்குக்கும், நோவுக்குப் பூசுதற்கும், சில வீடுகளிற் சமையலுக்கும் பயன்பட்டது. பூவின் இனிப்பைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. ஆலையில்லா ஊரைப் பற்றிய பழமொழி யாவரும் அறிந்ததே. ஆனால் அப்பழமொழி இலுப்பைப் பூவைச் சர்க்கரைக்கு ஈடில்லாத ஒன்றாகத் தாழ்த்தியே பேசுகிறது என்பதையும் மறத்தலாகாது.

நெற்செய்கையாளருக்கு இம்மரத்தின் பெரும்பயன் தழையாகும். ஆழச் செல்லும் வேர் கீழ்மண்ணிலுள்ள சத்தை மேலே கொணர்ந்து இலையிற் சேர்க்கின்றது. அவ்விலையை வயலிலிட்டுச் சேற்றில் மிதித்து மக்கவிடுதல் இந்நாட்டின் பழைய வழக்கம். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்படும் வரை, தழைப்பசளை தேடுவோர் பலராயினர். தழைமரம் தேவை நேரும் நாளில் நடப்படுவதன்று. விரைவில் தழை மட்டும் வேண்டுவோர்க்குக் கிளிரிசிடியா வேலியே போதும். தழையோடு விதையும் நிழலும் மூன்று தலைமுறைக்கு வேண்டுவோரே இலுப்பையை நாடுதல் தகும்.

இனி, வௌவாலைப் பற்றிக் கூறுதல் அவசியம். இலுப்பைப் பூ இரவில் மணம் வீசும். அதன் சதைப்பற்றுள்ள இதழை உண்ணவரும் பழவௌவாலே மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுசெல்கின்றது. பழம் முதிர்ந்ததும் அதே வௌவால் அதனைப் பறித்து வேறொரு மரத்திற்கு எடுத்துச்சென்று, சதையைத் தின்று விதையைக் கீழே போட்டுவிடும். விடியற்காலையில் அம்மரத்தடியிற் பொறுக்கப்படும் விதை சதை நீங்கிய சுத்தமான விதையாகும். கூலியின்றி இவ்வேலையைச் செய்யும் பிராணியை வெடி கொளுத்தித் துரத்துவது அறிவுடைமையாகாது. பழவௌவால் மாவையும் கொய்யாவையும் தின்னும் என்பது உண்மையே. அதற்குப் பரிகாரம் முதிருங் காய்களை வலையாலோ பையாலோ மூடிக் காத்தலாகும். பூச்சிகளை மட்டும் உண்ணும் சிறு வௌவால்கள் வேறு இனத்தன. அவை வயலின் மேற் பறந்து பூச்சிகளைக் குறைப்பன. இரண்டினையும் ஒன்றெனக் கருதி அழிப்போர் தம் பயிருக்கே தீங்கு செய்கின்றனர்.

உதிர்ந்த பூவும் பழமும் காட்டுப்பன்றியையும் மானையும் இழுக்கும். ஆகவே காட்டோரத்து மரக்கறித் தோட்டத்தின் அருகே இலுப்பை நடுதல் உசிதமன்று. வனத்துக்கும் பயிருக்கும் இடையே தூரமுள்ள ஊர்களில் இவ்விடர் சிறிது.

நிழல் விழும் என்பது கமக்காரர் கூறும் முதலாவது தடை. இது நியாயமானதே. பெரும்போகத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே விழும். எனவே வயலின் வட எல்லையில் நட்ட மரம் அவ்வயலிலுள்ள நெல்லை மறைக்காது. ஆயினும் அடுத்தவர் வயல் அங்கே தொடங்குமாயின் அவர் சம்மதமின்றி நடலாகாது. வரம்புச் சண்டைக்கு மரமொன்று புதிதாக வேண்டியதில்லை. குளக்கட்டின் மேலும் நடுதல் கூடாது. பெருமரத்தின் வேர் உக்கிய வழியே நீர் கசிந்து கட்டு பழுதடையும். கட்டுக்குக் கீழ்ப்புறத்தே சற்று விலகிய நிலம், குளத்தின் மேற்புறத்து மரச்சோலை, கோயிற்காணி, பாடசாலை வளவு என்பன தக்க இடங்கள். மரத்துக்கு மரம் 10 மீற்றர் இடைவெளி விடப்படல் நன்று.

இரண்டாவது தடை காலம். விதையிலிருந்து வளர்ந்த மரம் காய்க்கப் பத்து ஆண்டளவு செல்லும். நடுபவர் முதுமையில் அனுபவிக்கும் பயிர் இது என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் பனை நட்டவரும் இக்கணக்கைப் பார்த்தவரல்லர்.

பிண்ணாக்கு பற்றியும் எச்சரிக்கை வேண்டும். அதிலுள்ள நச்சுப்பொருள் மீனைக் கொல்லும். மாட்டுக்குத் தீனியாகவும் கொடுக்கத்தக்கதன்று. மண்ணில் இட்டு மக்கவிட்ட பின்னரே நாற்று நடல் வேண்டும். அவ்வயல் நீர் குளத்துக்கோ மீன் வளரும் மடுவுக்கோ வடியவிடலாகாது. நைதரசன் அளவில் அது வேப்பம் பிண்ணாக்கிலும் குறைந்ததாகும்.

விதை நெடுநாள் முளைக்குந் திறனுடையதன்று. பொறுக்கிய சில நாள்களுள் பையில் ஊன்றப்படல் வேண்டும். சேமித்து வைத்து மாரியில் விதைக்கலாமென எண்ணுவோர் ஏமாற்றமடைவர். ஆணிவேர் விரைந்து இறங்குவதால் ஆழமான பையே ஏற்றது. ஆனி, ஆடியில் விழும் விதையை ஊன்றி நீரூற்றி வளர்த்த கன்றை அவ்வாண்டு மாரியிலோ, வலுவற்றதாயின் அடுத்த மாரியிலோ நட்டு, ஆடு கடியாதபடி முள்வேலி அடைத்தல் வேண்டும்.