பூனைக்குட்டியின் பசியும் நிறையும்

பூனைக்குட்டி ஒன்று வீட்டிற் புகுந்த அன்றே அவ்வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. ஒரு சாரார், "இஃது என்ன இவ்வளவு தின்கிறது! இப்படியே விட்டால் கொழுத்துச் சோம்பி எலியைத் திரும்பியும் பாராது" என்பர். மற்றொரு சாரார், "எலும்புந் தோலுமாய் இருக்கிறதே, இன்னும் ஒரு கரண்டிப் பால் ஊற்றுங்கள்" என்பர். இருதிறத்தார்க்கும் குட்டியின்பால் அன்பு உண்டென்பதில் ஐயமில்லை. இருதிறத்தார் கையிலும் அளவுகோல் இல்லை என்பதே என் வழக்கு. வளருங் குட்டியின் நலத்தைக் கண்ணால் மட்டும் மதித்தலும், அது தின்னும் விரைவைக் கொண்டு மதித்தலும் பெரும்பாலும் பிழைபடும். நிறுத்துப் பார்த்தலே தக்க நெறியாம். தமிழ் பயில்வார்க்குத் தராசு எதற்கென்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். தொல்காப்பியனார் மரபியலில் வெருகின் இளமைக்குக் குட்டி, பறழ் என்னும் பெயர்கள் உரியவாதலைக் கூறிப்போந்தார். பெயர் வரையறுத்தற்கே அத்துணை நுணுக்கங் காட்டிய மொழியினர், அக்குட்டி வளர்கின்றதா தேய்கின்றதா என்று அறிதற்குச் சிறிது நுணுக்கங் காட்டுதல் தகாதது அன்று.

பிறந்த குட்டி ஏறத்தாழ 100 கிராம் நிறையுடையது. தாய்ப்பால் குறைவின்றிக் கிடைப்பின் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை ஏறி, இரண்டு வாரத்திற்குள் இருமடங்காகும். நான்காம் வாரத்தில் 400 கிராம் அளவும், எட்டாம் வாரத்தில் 800 முதல் 1000 கிராம் வரையும் நிற்கும். அதன்பின் ஆறாம் திங்கள் வரையில் திங்களொன்றுக்கு ஏறக்குறைய அரைக்கிலோ ஏறுதல் இயல்பு. ஓராண்டு நிரம்பும்போது பெரும்பாலான பூனைகள் மூன்று முதல் ஐந்து கிலோவுக்குள் அமைந்துவிடுகின்றன. மெல்லிய உடற்கட்டுடைய நம் நாட்டுப் பூனை இவ்வெல்லையின் கீழ்ப்பகுதியில் நிற்பின் அஞ்சவேண்டுவதில்லை. மெயின் கூன் முதலிய பெருஞ்சாதிகளோ ஓராண்டிற்குப் பின்னும் வளர்வன.

தெருவிற் கண்டெடுத்த குட்டிக்குப் பிறந்தநாள் யார் அறிவார் என்று வினவலாம். அதன் வாயே விடை தரும். முன்பற்கள் மூன்றாம் வாரத்தையொட்டி அரும்பத் தொடங்கும். எட்டாம் வாரத்திற்குள் பாற்பற்கள் நிரம்பிவிடும். நான்காந் திங்களளவில் அவை விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். பற்கள் நிரம்பிய குட்டி 500 கிராமே இருக்குமாயின், அது பார்ப்பதற்கு எத்துணை அழகியதாயினும், தன் வயதிற்குப் பின்தங்கியது என்றே கொள்ளல் வேண்டும்.

ஆயினும் ஒருநாள் நிறுத்த ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு மகிழ்தலும் வருந்துதலும் பயனில. இரண்டு குட்டிகள் உள்ளன என்று கொள்வோம். ஒன்று 900 கிராம். இரண்டு வாரமாய் அந்த எண்ணிலேயே அசையாது நிற்கின்றது. மற்றொன்று 700 கிராமே. ஆனால் வாரந்தோறும் 100 கிராம் ஏறி வருகின்றது. கண்டார் யாவரும் முன்னதையே வாழ்த்துவர். யானோ பின்னதைப் பற்றிக் கவலுறாது, முன்னதையே மருத்துவரிடங் கொண்டுசெல்வேன். ஆகலின், பால்குடிக்குங் குட்டியை நாடோறும் ஒரே வேளையிலும், பால்மறந்த குட்டியை வாரம் ஒருமுறையும், சமையலறைத் தராசின்மேற் கிண்ணமொன்றை வைத்து அதனுள் இருத்தி நிறுத்துக் குறித்துவைத்தல் வேண்டும். பால்குடிக் குட்டி ஒருநாள் முழுதும் நிறை ஏறாதிருப்பினும், குறையினும், அதனை அற்பமென விடலாகாது.

நீதிமொழிகள் 12ஆம் அதிகாரம் 10ஆம் வசனம் நீதிமானுக்கும் அவன் விலங்குக்கும் உள்ள உறவைக் கூறுவது. நம் தமிழ் வேதாகமத்தில் அங்குக் காப்பாற்றுதல் என்னுஞ் சொல் வழங்குகின்றது. எபிரேய மூலத்தில் நிற்பதோ அறிதல் என்னும் பொருளுடைய வினை. (வீட்டுப் பூனை நம் 66 ஆகமங்களிலும் பெயர்பெறவில்லை என்பது வேறு செய்தி.) அறியாது காப்பாற்றப் புகுவோர் யாது செய்கின்றனர் என்பதற்கு, நம் இல்லங்களிலும் விடுதிச் சமையற்கூடங்களின் பின்புறத்திலும் சான்று தேடி அலையவேண்டுவதில்லை. வயிறு பானைபோல் உப்பிய குட்டியைத் தூக்கி, "நன்றாய்த் தின்று கொழுத்திருக்கிறது" என்று மெச்சுவோரை யான் பலகாற் கண்டிருக்கின்றேன். அவ்வயிற்றில் நிறைந்திருப்பது பெரும்பாலும் உருளைப்புழு. இப்புழு தாயின் பால் வழியாகவே குட்டியினுட் புகுவது. ஆதலின் வெளியே அடியெடுத்து வையாத குட்டிக்கும் அஃது உண்டு. புழுவுடைய குட்டி பசியோடு தின்னும், வயிறும் பருக்கும். ஆனால் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் கூர்த்து நிற்கும், நிறையோ ஏறாது. பசியையும் வயிற்றையுமே கண்டு தீர்ப்புக் கூறுவார் இங்கே முற்றிலும் ஏமாறுவர்.

ஏமாறாதிருத்தற்கு வழி விரல்நுனியில் உள்ளது. குட்டியின் விலாவை மெல்லத் தடவுக. கையை முட்டியாக மடக்கி அதன் கணுக்களைத் தடவினாற்போல எலும்பு துருத்தினால் மெலிவு. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவினாற்போல மெல்லிய தசைப்போர்வையின் கீழ் எலும்பு தட்டுப்பட்டால் நன்று. உள்ளங்கையைத் தடவினாற்போல எலும்பே புலப்படாதாயின் கொழுப்பு மிகுதி. புழுநீக்கும் மருந்தை மூன்றாம் வாரந்தொட்டு இரு வாரத்திற்கொருமுறை கொடுக்கத் தொடங்குவது மருத்துவர் வழக்கு. அம்மருந்தின் அளவு குட்டியின் நிறைக்கேற்பவே கணிக்கப்படுவதாதலின், ஈண்டும் தராசு இன்றியமையாததாகின்றது.

இனிப் பசியைப் பற்றிச் சில கூறுவல். வளருங் குட்டிக்கு அதன் உடல்நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் வேண்டிய உணவாற்றல், முதிர்ந்த பூனைக்கு வேண்டியதைப்போல் இருமடங்கு முதல் மும்மடங்கு வரை ஆகும். இரைப்பையோ சிறிது. எனவே நாளொன்றுக்கு நான்கு முறை தின்று, மீண்டும் அடுப்படியிற் கத்துங் குட்டியைப் பேருண்டி என்று பழித்தல் முறையன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் அளவறிந்துண்ணலை வற்புறுத்துவது உண்மையே. ஆனால் அது வளர்ந்தோர்க்கு மொழிந்தது. பட்டினியிட்டால்தான் எலி பிடிக்கும் என்னும் பழங்கொள்கையை யான் சிறிதும் ஒப்பேன். வேட்டைத் தொழில் பசியினின்று வேறாய்ப் பூனையின் இயல்பிலேயே அமைந்தது. வயிறார உண்ட பூனையும் பதுங்கிப் பாய்கின்றது. 600 கிராம் குட்டியைப் பட்டினியாற் பழக்கி எவ்வெலிமேல் ஏவப்போகின்றனர்? நம் கழிவுநீர்க் கால்வாயில் உலவும் பெருச்சாளியே நிறையில் அதனை வென்றுவிடும்.

பல் மாறுங் காலத்தும், கோடை வெயிலிலும், ஓடியாடுங் குட்டி ஒருவேளை உணவை வெறுப்பின் பொறுத்திருக்கலாம். ஒருநாள் முழுதும் வாய் வையாது, மூலையில் ஒடுங்கி, வாந்தியும் எடுக்குமாயின் பொறுத்தல் கேடாம். அதன் உடலிற் சேமித்துவைத்த ஆற்றல் மிகச் சிறிது. அன்றியும் குட்டிகளை வாரிக்கொண்டுபோகும் நச்சுயிர்க் கழிச்சல் நோய் இவ்வாறே தொடங்குவது.

எவ்வளவு என்பதோடு எது என்பதும் நோக்கத்தக்கது. தயிர்ச்சோறும் பசும்பாலும் இட்டுக் குட்டி வளர்த்தல் நம்மவர் வழக்கம். பூனை ஊனுண்டே வாழ அமைந்த உயிர். டாரின் என்னும் பொருள் உணவிற் குறைந்தால் பூனையின் விழித்திரை அழியும் என்பது 1975இலும், அக்குறையாலேயே இதயத்தசை தளர்ந்து வீங்கும் என்பது 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாலும் விளங்கியது. இப்பொருள் மீனிலும் இறைச்சியிலும் உண்டு, சோற்றிலோ இல்லை. அது நீரிற் கரைவதாதலின், மீனை வேகவைத்த நீரையும் கொட்டாது சேர்த்து இடுதல் நன்று. பால்மறந்த குட்டிக்குப் பசும்பாலைச் செரிக்கும் ஆற்றல் குன்றுகின்றமையால், "இன்னும் ஒரு கரண்டி" பல காலும் கழிச்சலாகி, ஏறவேண்டிய நிறையைக் குறைத்துவிடுகின்றது. விடுதித் தோழர் அன்போடு இடும் குழம்புச்சோறு இன்னுந் தீது. வெங்காயமும் பூண்டும் பூனையின் செங்குருதியணுக்களைச் சிதைப்பன.

குட்டி ஆறு திங்களை எட்டும்வரை உணவை இறுக்குதற்குக் காரணமில்லை என்று இதுகாறும் வாதித்தேன். முதற்கட்சியார்க்கும் ஒரு பங்கு நியாயம் உண்டு. அது பின்னர் வருவது. கருத்தடை செய்தபின் பூனைக்கு வேண்டும் ஆற்றல் குறையும், பசியோ கூடும். அந்நாள்முதற்கொண்டு கிண்ணத்தை நிறைத்துவைத்தலை விடுத்து அளந்தே இடுக. அப்பொழுதும் எவ்வளவு குறைப்பதென்பதைத் தராசைக் கேட்டறிக. ஓராண்டு கடந்தபின் திங்களுக்கு ஒருமுறை நிறுத்தாற் போதும்.