மலைக்கு யார் கேட்ட தொண்டு?

மலையைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த மலைக்கு ஏதேனும் செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று விரும்புவது அண்மைக்காலத்தில் பெருகியுள்ள பழக்கம். விதைப்பந்து வீசுவது, மரக்கன்று நடுவது, பாறையைத் தேய்த்துக் கழுவுவது, பின் எல்லோரும் ஒரே நிறச் சட்டையில் நின்று படமெடுத்துக்கொள்வது. பொறுப்பான பயணம் என்று இதற்குப் பெயரும் சூட்டியாயிற்று. நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் அத்தொண்டு அந்த இடத்துக்கு வேண்டியதுதானா என்று கேட்பவரை அதிகம் காணோம்.

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் உள்ள அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்வோம். இவ்வூரிலும் அடுத்துள்ள மீனாட்சிபுரத்திலுமாக ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் இதுவே முதலாவது. ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள், சுமார் 250 வகைப் பறவைகள். பாண்டியர் காலக் குடைவரை, சமணர் படுக்கைகள், தமிழிக் கல்வெட்டுகள்.

மீனாட்சிபுரத்துக் குன்றில் உள்ளவைதாம் மாங்குளம் கல்வெட்டுகள். இராபர்ட் சீவெல் 1882இல் கண்டறிந்த இவற்றைத் தமிழென்று நிறுவும் முயற்சியை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிவைத்தார். நெடுஞ்செழியன் என்ற பெயரைப் பாட்டில் மட்டும் படித்த தமிழ் மாணவன் அதைக் கல்லில் காணும் இடம் இது. ஈராயிரம் ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாங்கிய இவ்வெழுத்துகள் கம்பித் தூரிகைக்குத் தாங்கா. படத்தில் தெளிவாக விழட்டும் என்று சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்புவோர் உண்டு. அவ்வாறு நிரப்புகையில் இல்லாத கோடும் எழுத்தாகிவிடும், பின்னால் வருபவர் அதையே படிப்பார். வண்ணப்பூச்சில் பெயர் கிறுக்கியவன் செய்த கேட்டை அமிலம் ஊற்றித் துடைக்க முனையும் தொண்டர் இரட்டிப்பாக்குகிறார். அது தொல்லியல் துறையின் வேதியியலார் செய்ய வேண்டிய பணி. நம்மால் ஆவது தகவல் தெரிவிப்பது.

(வெள்ளறை வணிகர்களும் இங்கே பெயர் பொறித்தவர்கள்தாமே, நாங்கள் எழுதினால் மட்டும் குற்றமா என்று வகுப்பில் கேட்ட மாணவர் உண்டு. நல்ல கேள்வி. அவ்வணிகர்கள் துறவியர்க்கு உறைவிடம் செய்து கொடுத்துவிட்டுப் பெயர் பொறித்தார்கள்.)

மரம் நடுவதும் அப்படியே. பாறையும் புதரும் புல்லுமான குன்று 'வறண்ட' குன்று அன்று. லகர் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளுக்கு அந்தத் திறந்த வெளியும் ஆளரவமற்ற செங்குத்துப் பாறையுமே வாழ்விடம். கையில் கிடைத்த விதையை அங்கே தூவுவதும், அவை குஞ்சு பொரிக்கும் காலத்தில் ஒலிபெருக்கியோடு ஏறுவதும், மேலே ட்ரோன் பறக்க விடுவதும் தொண்டாகா.

அப்படியானால் போகவே கூடாதா? போக வேண்டும். போகிறவர்கள் இல்லாத குன்றுகள் என்னவாயின என்பதை மேலூர் வட்டாரம் அறியும். 2012இல் வெளிவந்த கிரானைட் முறைகேடுகளை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2010இல் தொடங்கிய பசுமை நடை இயக்கத்தை எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்தார். அதனோடு இக்குன்றுகளில் ஏறியவர்கள் பெரிதாக எதையும் நட்டுவிடவில்லை. நடந்தார்கள், அறிந்தவர் சொல்லக் கேட்டார்கள், சேர்ந்து உண்டார்கள், மீண்டும் வந்தார்கள். அந்த மீண்டும் வருதலைத்தான் ஒருநாள் தொண்டர்களிடம் நாம் காணவில்லை.

ஆயினும் குன்றைக் காத்தவர்கள் பயணிகள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளியானபோது, அந்தப் பரப்புக்குள் பாரம்பரியத் தலத்தின் பகுதியும் அடங்கியிருந்தது. மரபுத் தலம் என்ற அறிவிப்பு அதைத் தடுத்துவிடவில்லை. ஊர் ஊராகக் கூடித் தீர்மானம் இயற்றியவர்களும், 2025 சனவரியில் மதுரை நோக்கி நடந்தவர்களும் அவ்வூர்களின் உழவர்களே. அம்மாதமே ஒன்றிய அரசு ஏலத்தை இரத்து செய்தது.

ஆகவே அரிட்டாபட்டிக்குப் போகிறவர் முதலில் செல்ல வேண்டியது குன்றுக்கு அன்று, ஊருக்கு. எந்த வழியே ஏறலாம், எந்தச் சுனை குடிநீருக்குரியது, எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வழிகாட்ட வரும் இளைஞருக்கு உரிய கூலி கொடுப்பதும், தேநீரையும் உணவையும் அங்கேயே வாங்குவதும், கொண்டுபோன நெகிழியைத் திரும்பக் கொண்டுவருவதும் புகைப்படத்தில் எடுபடாத காரியங்கள். அதனால்தானோ என்னவோ யாரும் அவற்றைத் தொண்டென்று எண்ணுவதில்லை.

ஏதேனும் செய்தே தீர வேண்டும் என்போர்க்கும் ஒரு வழி இருக்கிறது. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் அமைதியாக நின்று, கண்ட பறவைகளை எண்ணிப் பதிய வேண்டும். இருநோக்கி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. எம் மாணவர் சிலருக்கு அந்தப் பதினைந்து நிமிடம் பேசாமல் நிற்பதுதான் பெரும்பாடாக இருந்தது.